டெல்டாவில் நிலத் தகராறுக்கு வக்கீல் ஆபீஸ் பிடிப்பது எப்படி

அப்பா இறந்த மறு வருடம், குத்தகையில் இருந்த ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சையை மீட்டுவிடலாம் என்று நானும் தம்பியும் கிளம்பினோம். எங்களுக்குக் காவிரி டெல்டாவில் நீடாமங்கலம் பக்கம். மாமா ஒருவர் சொல்லி ஒரு வக்கீலிடம் போனோம். கெட்டிக்காரர்தான், அவர் குறுக்கு விசாரணை செய்தால் அடுத்த கோர்ட்டிலிருந்து ஜூனியர்கள் வந்து நின்று பார்ப்பார்கள். ஆனால் அவர் நடத்தியதெல்லாம் அடிதடி, செக் கேஸ். எங்களுக்காக முன்சீப் கோர்ட்டில் சுவாதீனம், அதாவது நிலத்தை எங்கள் கையில் ஒப்படைக்கக் கேட்டு ஒரு தாவா (வழக்கு) போட்டார். எதிர்த்தரப்புக்காரர் "நான் பதிவு பெற்ற சாகுபடி குத்தகைதாரர்" என்று ஒரு அபிடவிட்டும், தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவேட்டின் நகலும் கொண்டுவந்து வைத்தார். வாய்தா வாய்தாவாக மூன்றரை வருடம் ஓடிய பிறகு, இதை இங்கே விசாரிக்க முடியாது என்று வழக்குக் கட்டை வருவாய் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வக்கீல் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குப் பழகிய வாசல் அது, அங்கே கூட்டிக்கொண்டு போனார். இது எந்த வாசலுக்குப் போக வேண்டிய வழக்கு என்று நாங்கள்தான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பத்து வருடமாக எங்கள் வழக்குக்கும், சொந்தக்காரர்கள், பக்கத்து வயல்காரர்கள் வழக்குக்குமாக மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர், கும்பகோணம் என்று வக்கீல் ஆபீஸ் திண்ணைகளில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கட்சிக்காரனாக நின்று கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வாசல் எது என்று முதலில் பாருங்கள்

மற்ற ஜில்லாக்காரர்களுக்கு நிலத் தகராறு என்றால் சிவில் கோர்ட். இங்கே அப்படி இல்லை. பெரும் பண்ணை, மடம், கோயில், குத்தகைச் சாகுபடி என்று நூற்றாண்டுகளாக நிலம் கைமாறிய ஊர் இது. 1952இல் தஞ்சை ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1955இல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம், 1961இல் நில உச்சவரம்புச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1971இல் குடியிருப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, தனி மேல்முறையீடு. ஒரே வரப்புத் தகராறு ஆள் யார், நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து நான்கு வெவ்வேறு மேசைக்குப் போகும்.

குத்தகை விவகாரம் என்றால் வருவாய் நீதிமன்றம். தனித்துணை ஆட்சியர் ஒருவர் உட்கார்ந்து விசாரிப்பார். தானோ தன் வீட்டாரோ வயலில் இறங்கி உடலுழைப்புப் போட்டுச் சாகுபடி செய்கிறவர்தான் சட்டப்படி சாகுபடி குத்தகைதாரர். ஊரில் உட்கார்ந்து ஆள் வைத்துப் பயிர் செய்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, வழக்கு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் சுழலும். நிலச் சொந்தக்காரருக்கு நியாயக் குத்தகை மொத்த மகசூலில் 25 சதவீதம். குத்தகை பாக்கி என்று வெளியேற்றக் கேட்பதும் இங்கேதான், சொந்தக்காரர் வேண்டுமென்றே குத்தகையை வாங்க மறுக்கிறார் என்றால் குத்தகைதாரர் பணத்தைக் கட்டிவைப்பதும் இங்கேதான். இதைப் படிக்கிறவர் குத்தகைதாரராக இருந்தால் ஒரு சொல்: நெல் அளந்து கொடுத்ததற்கு ரசீது இல்லாமல் இருக்காதீர்கள். "அவுங்க அப்பா காலத்துலேருந்து வாய்ப்பேச்சுதான்" என்கிற வசனத்தைக் கேட்டால் வருவாய் நீதிமன்ற வக்கீல்கள் பெருமூச்சு விடுவார்கள். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்று தாலுகா ஆபீஸில் முதலில் பாருங்கள், இல்லையென்றால் மனுப் போடுங்கள். இங்கே தோற்றவர் சீராய்வுக்கு உயர் நீதிமன்றம் போகலாம்.

கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் இன்னொரு வாசல். 1959ஆம் வருடத்து அறநிலையத் துறைச் சட்டம் அங்கே ஆட்சி செய்கிறது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றாலோ விற்பனை என்றாலோ ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது, ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் இணை ஆணையர் முன்புதான் பதில் சொல்ல வேண்டும். "எங்க தாத்தா காலத்திலேருந்து அனுபவிக்கிறோம், எதிரிடை அனுபவ பாத்தியம் வந்துடுச்சு" என்று கோயில் நிலத்தில் பேசிப் பயனில்லை, காலக்கெடுச் சட்டத்தைக் காட்டி அந்தச் சொத்தை எடுத்துக்கொள்ள முடியாதபடி சட்டத்திலேயே அடைத்திருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கோயிலின் விவசாய நிலத்தில் சாகுபடி செய்கிற குத்தகைதாரருக்கு 1961இல் வந்த பொது அறக்கட்டளை நிலங்களுக்கான தனிச் சட்டமும் பொருந்தும். ஆகவே அறநிலையத் துறை வழக்கு மட்டும் தெரிந்தவர் பாதிதான் தெரிந்தவர், குத்தகை வழக்கு மட்டும் தெரிந்தவரும் அப்படியே. இரண்டையும் கையாளுகிற ஆபீஸ்கள் டெல்டாவில் இருக்கின்றன, பெரிய கோயில் இருக்கும் ஊர்களில் தேடினால் கிடைக்கும்.

பட்டாவில் பெயர் தப்பு, பக்கத்து சர்வே எண்ணோடு கலந்துவிட்டது, யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் பரப்பு குறைந்துபோனது இதெல்லாம் வருவாய்த் துறை. தாசில்தார், அதற்கு மேல் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), அதற்கும் மேல் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்). இதற்கு முதலில் வக்கீலே தேவையில்லை, மூலப் பத்திரமும் பழைய பதிவேட்டு நகலும் கையில் இருந்தால் நீங்களே மனுப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் தகராறு பட்டாவில் இல்லாமல் சொத்து யாருக்கு என்பதிலேயே இருந்தால் தாசில்தார் எத்தனை உத்தரவு போட்டாலும் அது நிற்காது, பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அப்போது சிவில் கோர்ட்டுக்குப் போய் விளம்புகை, அதாவது சொத்து என்னுடையது என்று அறிவிக்கக் கேட்க வேண்டும்.

பாகப்பிரிவினை, உயில், கிரயம், வழி, வாய்க்கால் இவையெல்லாம் சிவில் கோர்ட். இதில் அக்கா தங்கைகளின் பங்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இன்னமும் ஊரில் "கட்டிக்கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பங்கு" என்று பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அந்தத் தேதிக்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பிதுரார்ஜிதத்தில் (பரம்பரைச் சொத்தில்) சம பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் வந்து மணமானவர் ஆகாதவர் என்ற வேறுபாடே போனது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020இல் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று முடித்துவைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 20க்கு முன், பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் டிகிரியாலோ (தீர்ப்பாணையாலோ) நடந்து முடிந்த பாகப்பிரிவினையை இப்போது கிளற முடியாது. இந்தத் தேதிகளையெல்லாம் கேட்காமலேயே "கேஸ் போட்டுடலாம்மா" என்று சொல்லும் ஆபீஸிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சாலைக்கு நிலம் எடுத்தால் அது வேறு உலகம். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி போகும் நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் இழப்பீடு போதவில்லை என்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, நடுவரிடம் போக வேண்டும், நடுவர் என்பது பெரும்பாலும் கலெக்டர். அவர் உத்தரவும் பிடிக்கவில்லை என்றால் ஜில்லா கோர்ட்டில் மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் முப்பது நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. இந்த முப்பது நாள் கணக்கு தெரியாமல் சாதாரண அப்பீல் மாதிரி ஆற அமரப் போய்க் கோட்டை விட்டவர்கள் உண்டு. பணத்தை வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பயிர் இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

மதுரையா சென்னையா

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபோது டெல்டா இரண்டாகப் பிரிந்துவிட்டது. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போனது. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையிலேயே தங்கின, 2020 டிசம்பரில் நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். கும்பகோணத்துக்காரர் அப்பீலுக்கு மதுரைக்கு ரயில் ஏற வேண்டும், ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லாத குத்தாலத்துக்காரர் சென்னைக்கு. உங்கள் நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இல்லை. ஆகவே ஆபீஸ் தேர்ந்தெடுக்கும்போதே "மேலே போனால் அங்கே யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆபீஸ் என்றால் மதுரையிலோ சென்னையிலோ அவர்களுக்கு வழக்கமான ஒரு ஆள் இருப்பார், கட்டு இங்கிருந்து ஒழுங்காகப் போகும்.

காரைக்கால் பக்கம் நிலம் என்றால் அது புதுச்சேரி, குத்தகைச் சட்டமும் பதிவும் வேறு. 1954க்கு முந்திய நொத்தேர் (பிரெஞ்சுக் காலத்துப் பத்திர அதிகாரி) பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். நன்னிலத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று இங்குள்ள வக்கீலிடமே அதையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆபீஸைத் தேடும் முறை

இங்கே சட்ட நிறுவனம் என்று கண்ணாடிக் கட்டடத்தைத் தேட வேண்டாம். சீனியர் வீட்டின் முன்கட்டு, ஒரு பெரிய மேசை, சுவர் முழுக்க தீர்ப்புத் தொகுப்பு, வெளியே பெஞ்சு, மூன்று நான்கு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. அதுதான் நிறுவனம். இப்போது கொஞ்ச காலமாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து "அசோசியேட்ஸ்" என்று பலகை மாட்டி, ஒருவர் சிவில், ஒருவர் வருவாய், ஒருவர் நில எடுப்பு என்று பிரித்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் பலகையில் "அனைத்து வழக்குகளும்" என்று போட்டிருப்பதற்கும் உள்ளே அந்த வேலை நடப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமென்று இல்லை.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் யார் எதில் தேர்ந்தவர் என்று நாம்தான் மோப்பம் பிடிக்க வேண்டும். நான் செய்வது இதுதான். ஈ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த மாவட்டக் கோர்ட்டுகளில் அவர் நடத்தும் வழக்குகள் வரும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள். அசல் தாவா எத்தனை, மேல்முறையீடு எத்தனை, வழக்குகள் நகர்கின்றனவா அல்லது "அடுத்த வாய்தா" என்றே கிடக்கின்றனவா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வருவாய் நீதிமன்றமும் இணை ஆணையர் ஆபீஸும் இந்தச் செயலியில் வராது. அதற்கு நேரில்தான் போக வேண்டும். விசாரணை நாளில் அந்த வராந்தாவில் காலை பதினொரு மணிக்கு நின்றால் போதும், யார் கையில் கட்டு அதிகம், யாரைப் பார்த்து எழுத்தர் எழுந்து வந்து பேசுகிறார் என்று கண்ணால் பார்க்கலாம்.

பத்திரம் எழுதுபவர், சர்வேயர், ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. இவர்கள் சொல்லும் பெயரை நான் மதிப்பேன். வழக்கில் ஜெயித்தவர் சொல்லும் பெயரை அவ்வளவாக மதிப்பதில்லை, அவர் ஜெயித்தது பத்திரம் சுத்தமாக இருந்ததாலும் இருக்கலாம்.

அப்புறம் குமாஸ்தா. இதைக் கேட்டால் சில வக்கீல்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். டெல்டா நில வழக்கில் பாதி வேலை குமாஸ்தாவுடையது. எந்த வருடத்து அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) எந்த ஆபீஸ் பரணில் இருக்கிறது, நகல் மனு எப்போது போட்டால் எப்போது வரும், பழைய பத்திரத்தில் "மா, குழி" கணக்கில் எழுதியதை ஏக்கர் சென்டுக்கு மாற்றினால் எல்லை இடிக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உச்சுவாடியில் 1832இல் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரே சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்குக்கு உதவியாளாக இருந்தவர்தானே. கணக்கு தெரிந்தவன்தான் இந்த மண்ணில் வழக்கு தெரிந்தவன்.

இன்னொன்று, சின்ன ஊர் என்பதால் உங்கள் வக்கீல் எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே பத்திரம் எழுதிக் கொடுத்தவராகவோ நோட்டீஸ் அனுப்பியவராகவோ இருக்கலாம். கதை முழுவதையும் சொல்லுவதற்கு முன் எதிர்த்தரப்பின் பெயர், ஊர், அப்பா பெயர் மூன்றையும் சொல்லி, "இவர்களுக்கு நீங்கள் எதுவும் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அப்புறம் தெரிந்தால் தலைவலி.

முதல் நாள் கொண்டுபோக வேண்டியவை

கிழிந்த மஞ்சள் பையில் எல்லாக் காகிதத்தையும் திணித்துக்கொண்டு போய் மேசையில் கொட்டுவதுதான் நம் வழக்கம், நானும் அப்படித்தான் போனேன். அப்படிச் செய்தால் அந்த அரை மணி நேரமும் காகிதம் பிரிப்பதிலேயே போய்விடும்.

முதல் வேலை, வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்தில் பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975 முதல் பார்க்கலாம், அதற்கு முந்தியதற்கு ஆபீஸில் மனுப் போட்டுத் தேட வேண்டும். அதற்கப்புறம் பட்டா, சிட்டா, ஏ-பதிவேட்டு நகல், எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) வரைபடம், கடைசி சில வருட அடங்கல். மூலப் பத்திரம் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், நகல் எடுக்கலாம், ஆனால் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நாகப்பட்டினம் 1991 வரையும் திருவாரூர் 1997 வரையும் தனி மாவட்டமாக இல்லை, பழைய காகிதத்தில் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்கும். பழைய பத்திரத்தில் "இரண்டு மா அறுபது குழி" என்று இருந்தால் நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று போட்டு நீங்களே சென்டில் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, வம்சாவளி. தாத்தாவிலிருந்து ஆரம்பித்து யாருக்கு யார் பிள்ளை, யார் எப்போது இறந்தார், இரண்டாம் தாரம் உண்டா என்று ஒரு தாளில் வரையுங்கள். இரண்டாம் தாரத்தை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதல் வேலையாகக் கொண்டுவரும். கடன் வாங்கிய வெள்ளைப் பேப்பர் கையெழுத்து, அண்ணனுக்கு ஒரு காலத்தில் பங்கை விட்டு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம், வாங்கிவிட்டுப் பதில் போடாமல் விட்ட நோட்டீஸ் இவற்றையும் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் சர்க்கரை சாப்பிட்டதை மறைக்கிற மாதிரிதான் இதுவும்.

மூன்றாவது, வயலின் கைவரைபடம். எந்தப் பக்கம் வாய்க்கால், எந்த வரப்பு தகராறு, தண்ணீர் எங்கிருந்து எந்த மடை வழியாக வருகிறது, டிராக்டர் எந்த வழியில் இறங்குகிறது. எஃப்.எம்.பி.யில் கோடுதான் இருக்கும், மடை இருக்காது.

உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சார், இது எந்த மன்றத்துக்குப் போகும், ஏன்?" பதிலில் ஒரு சட்டத்தின் பெயரும், எதிர்த்தரப்பு என்ன ஆட்சேபணை சொல்லும் என்பதும் வர வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று வந்தால் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான். "இது எனக்குப் பழக்கமில்லை, வருவாய் கோர்ட்டில் இன்னாரிடம் போங்கள்" என்று சொல்லும் வக்கீலை மறக்காதீர்கள், அவரிடம் வேறு வழக்குக்கு நம்பிப் போகலாம்.

எதிராளி முந்திக்கொண்டு தடையாணை வாங்கிவிடுவார் என்று பயம் இருந்தால் அன்றைக்கே கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன்மனு) போடச் சொல்லுங்கள், 90 நாள் நிற்கும். அரசு மேல் போட வேண்டிய வழக்கு என்றால் முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், வளைகுடா பக்கம் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு: அங்கிருந்து பொது அதிகாரப் பத்திரம் அனுப்பினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதில் கோட்டை விட்டால் வழக்கு நடுவில் அதிகாரமே செல்லாது என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

காசு

ஃபீஸைப் பற்றிக் கூச்சப்படாமல் முதல் நாளே பேசுங்கள். "ஜெயித்தால் நிலத்தில் இத்தனை பங்கு" என்று யாராவது பேசினால் அது பார் கவுன்சில் விதிக்கே விரோதம், வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசக்கூடாது. வழக்கை நிலை நிலையாகப் பிரித்து, நோட்டீஸுக்கு இவ்வளவு, தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது இரண்டு பக்கமும் நல்லது. குமாஸ்தா செலவு, நகல் செலவு, வயலைப் பார்க்கக் கோர்ட் அனுப்பும் கமிஷனர் செலவு ஃபீஸில் அடக்கமா தனியா என்றும் கேளுங்கள். கோர்ட் கட்டணம் வேறு. விளம்புகையோடு சுவாதீனம் கேட்டால் சொத்து மதிப்பில் 3 சதவீதம், 2017க்கு முன் ஏழரையாக இருந்தது. பாகப்பிரிவினையில் நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருந்தால் சிறிய நிலையான கட்டணம்தான். அதனால் தாவாவை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதிலேயே லட்ச ரூபாய் வித்தியாசம் வரலாம்.

நம் ஊர் வக்கீல்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: கட்சிக்காரன் கையில் காசு தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்துதான் வரும். தவணையை அறுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். புரட்டாசியில் வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு, மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதன் மேல் அப்பீல் கிடையாது. எங்கள் ஆறு மா கடைசியில் சமரசத்தில்தான் முடிந்தது. குத்தகைதாரருக்கு இரண்டு மா எழுதிக் கொடுத்தோம், நாலு மா எங்களுக்கு வந்தது. அம்மாவுக்கு வருத்தம்தான். நாற்பது வருடம் அந்த மனுஷன் சேற்றில் நின்றிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

வழக்கு ஓடும்போது

வயலைப் பார்த்து அறிக்கை கொடுக்க கமிஷனர் வர வேண்டிய வழக்கு என்றால் காலத்தை மறக்காதீர்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் வயலில் சர்வேயர் சங்கிலி போட முடியாது, வரப்பு தண்ணீரிலும் பயிரிலும் மறைந்துகிடக்கும், அத்துக்கல் தெரியாது. மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. மிச்சம் இருப்பது பங்குனியும் சித்திரையின் பாதியும்தான். ஆகவே கமிஷனர் மனுவைத் தையிலேயே போட்டு, மாசிக்குள் உத்தரவு வாங்கிவிட வேண்டும். இதை நாங்கள் ஒரு தடவை தவறவிட்டு ஒரு முழு வருடம் போனது. வக்கீல் சொல்ல மாட்டார், வயல் உங்களுடையது, நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

உங்கள் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்கென்றே உள்ள தனி அடையாள எண்) வாங்கி ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாவும் என்ன நடந்தது என்று தெரியும், ஆபீஸுக்குப் போன் செய்து தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் பக்கம் ஆஜர் இல்லாமல் இரண்டு மூன்று வாய்தா போனதாகத் தெரிந்தால் உடனே நேரில் போங்கள், ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆன பிறகு அழுது பயனில்லை.

வக்கீலை மாற்ற வேண்டிய நிலை வந்தால் சண்டை போடாமல் மாற்றுங்கள். பாக்கி ஃபீஸ் இருந்தால் பேசித் தீர்த்து, வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. ஆனால் பாக்கியைக் காரணம் காட்டிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை முகத்துக்கு நேராகச் சொல்லாமல், புது வக்கீல் மூலம் சொல்லவைத்தால் காரியம் சுமுகமாக நடக்கும்.

தீர்ப்பு வந்த அன்றைக்கே நகல் மனுப் போடுங்கள். டிகிரி நகலோடு தாலுகா ஆபீஸில் பட்டா மாற்ற மனு, சார்பதிவாளர் ஆபீஸில் டிகிரியைப் பதிவு செய்து வில்லங்கத்தில் ஏற்றுவது, சுவாதீனம் கொடுக்கவில்லை என்றால் நிறைவேற்று மனு இவை மூன்றும் ஆபீஸின் வேலைப் பட்டியலில் இருக்கிறதா என்று ஃபீஸ் பேசும்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்காவிட்டால் இப்போதாவது கேளுங்கள். எங்கள் பெரியப்பா வலங்கைமான் பக்கத்து நிலத்துக்குப் பதினொரு வருடம் நடந்து ஜெயித்து, தீர்ப்பு நகலை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அவர் போன பிறகு பிள்ளைகள் சிட்டா எடுத்துப் பார்த்தால் பட்டா இன்னமும் எதிர்த்தரப்பின் பெயரிலேயே இருக்கிறது.